பெயர் சொல்லும் வேலை

எங்கள் லைனில் பெரும்பாலும் பெண்கள்தான். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைன். அப்பர் என்று சொல்வோம். ஆண்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

அவருக்கு ஸ்கைவிங் மெஷின். தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குகிற மெஷின் அது. ஓரம் மெல்லிசானால்தான் மடிக்க வரும், மடித்தால்தான் தைக்க வரும். அதனால் லைனின் தலைமாட்டில் இருக்கும். நான் வால்பக்கம், தையல் மெஷினில். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எனக்கு இந்தக் கம்பெனிதான். அவர் பிறகு வந்து சேர்ந்தார். மாதனூர் தாண்டி உள்ளே போகிற ஊர் எங்களுடையது. காலையில் கம்பெனி பஸ் ரோட்டு முனைக்கு வரும். நான் முன்பக்கம் ஏறுவேன். அவர் பின்பக்கம் ஏறுவார். இறங்கினதும் அவரவர் மெஷின். சாயங்காலம் வரை பேச்சு இல்லை. அப்படியே வருஷங்கள் ஓடின. குறை ஒன்றும் இல்லை.

எங்கள் சூப்பர்வைசர் வேறு யூனிட்டுக்கு மாறிப் போனார். அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் எட்டாவது வரை படித்தவள். என்னை ஏன் என்று மானேஜரிடம் கேட்டேன். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிறவர்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெண்கள் வேலை செய்கிற இடத்தில் மேலே ஒரு பெண்கூட ஏன் இல்லை என்று கேட்டார்களாம். மானேஜர் அதை ஒளிக்கவில்லை.

"அவங்க கேட்டாங்கன்றதுக்காக உன்னப் போடலம்மா. வேலை தெரிஞ்ச ஆளுன்னு போடறோம். ஆனா அவங்க கேக்கலன்னா எனக்குத் தோணியிருக்காது. அதையும் சொல்லிடறேன்."

நல்ல மனிதர். உண்மையைச் சொன்னார்.

"ரெண்டு மூணு மாசம் பாப்போம். சரியா வந்தா நிரந்தரம். வரலன்னா பழையபடி மெஷின். வருத்தப்படக் கூடாது."

சரி என்றேன். வீட்டில் சொன்னேன். அவர், "உனக்கு முடியும்னா பண்ணு" என்றார். அத்தை, அதாவது அவருடைய அம்மா, "அப்ப அவனுக்கும் நீதான் மேஸ்திரியா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

லைனில் காலை மீட்டிங் ஒன்று உண்டு. சங்கு ஊதினதும் எல்லோரும் மெஷின் பக்கத்தில் நிற்பார்கள். சூப்பர்வைசர் தலைமாட்டிலிருந்து ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டு, இன்று இன்ன வேலை, இன்ன அளவு, நேற்று இது டேமேஜ் ஆனது என்று சொல்லிக்கொண்டே வருவார். பெயரைக் கூப்பிட்டுச் சொன்னால் அது அந்த ஆளின் வேலை. பிறகு தவறு வந்தால் யார் என்று தேட வேண்டியதில்லை. எல்லா லைனிலும் அப்படித்தான்.

முதல் நாள் நின்றேன். தலைமாட்டில் இரண்டு ஸ்கைவிங் மெஷின். ஒன்றில் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து பைக்கில் வருகிற ஒரு அண்ணன். அணைக்கட்டு அண்ணன் என்றே எல்லோரும் சொல்வோம். மீட்டிங்கில் மட்டும் அவருக்கு அவருடைய பெயர். அதைக் கூப்பிட்டேன். வேலை சொன்னேன். அடுத்த மெஷின்.

அடுத்த மெஷினில் என் வீட்டுக்காரர் நிற்கிறார்.

வாய் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு மெஷினைப் பார்த்தார். நான், "பக்கத்து மெஷினும் அதேதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

யாரோ ஒரு பெண் பின்னால் சிரித்தாள். "பக்கத்து மெஷினுக்குப் பேரு இல்லியா?" என்று ஒரு குரல். "இருக்கு. 'அவரு'ன்னு பேரு" என்று இன்னொரு குரல். லைன் முழுக்கச் சிரித்தது.

அன்றிலிருந்து அவருக்கு அதுவே பெயரானது. டீ நேரத்தில் ஆண்கள், "அவரு, டீ குடிச்சாச்சா? அவரு, மேடம் கிட்ட லீவு கேட்டாச்சா?" என்று கேட்பார்கள். அவர் டீயைக் குடிப்பார். கோபம் வந்தால் அவர் ஜாஸ்தி பேசுகிற ஆள் இல்லை. பேச்சு கம்மியாகிவிடும்.

நான் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. கல்யாணத்தின்போது பத்திரிகையில் படித்தேன். எழுதச் சொன்னால் எழுதுவேன். வாக்காளர் அட்டை, வங்கி, பள்ளிக்கூடம் என்று எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. வீட்டில் 'ஏங்க'. கொஞ்சம் தள்ளி நின்றால் 'இந்தாங்க'. மற்றவர்களிடம் பேசும்போது 'எங்க வீட்டுக்காரரு', 'பாப்பா அப்பா'. ரேஷன் கடையில் கேட்டால் மகளைச் சொல்லச் சொல்வேன். அவள் பேசத் தொடங்கினதிலிருந்து அது அவள் வேலை.

எனக்கும் அந்த வேலை இருந்தது. சின்ன வயதில் அம்மா எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பாசம் என்று நினைத்திருந்தேன். பாசமும்தான். ஆனால் போகிற இடத்தில் அப்பா பெயரைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான்.

அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்தார். ஒரு நாள் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஆள் அனுப்பினார்கள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். உள்ளே விடுவதற்கு ஒரு ஜன்னலில் பேர் கேட்டார்கள். நான் குழாயில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அம்மா வரிசைக்கு வெளியே நிற்கிறார். ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போகிறார்கள். "இன்னாம்மா, ஊமையா? ஆளு பேரு தெரியாம யாரத் தேடி வந்த?" என்று ஒருவர் திட்டுகிறார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சும்மா நிற்கிறார். என்னைப் பார்த்ததும் முதுகில் ஒன்று வைத்து முன்னால் தள்ளினார். நான் அப்பா பெயரைச் சொன்னேன். கதவு திறந்தது.

உள்ளே அப்பா வலியில் கத்திக்கொண்டிருந்தார். அம்மா வெளியே நின்ற நேரத்தை நான் அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

அம்மாவின் பெயரோ எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அப்பா 'ஏய்' என்பார். பக்கத்து வீட்டில் என் பெயரைச் சேர்த்து இன்னாரோட அம்மா என்பார்கள். ஒரு தடவை மாமா, அம்மாவின் அண்ணன், நெமிலியிலிருந்து வந்தார். வாசலில் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். அம்மா உள்ளேயிருந்து, "வாண்ணா" என்று வந்தார்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். யாரும் என்னை உட்கார வைத்து இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சமைக்கக் கற்றுக்கொடுத்தார்கள், கோலம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். இதைக் கற்றுக்கொடுக்காமலே கற்றுக்கொண்டேன். எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் வாய் நம்புகிறது. வாய்க்கு நான் என்ன சொல்லிப் புரிய வைப்பது?

லைனில் என் பக்கத்து மெஷினில் இருந்தவள் ஆம்பூர் டவுன்காரி. வீட்டில் உருது பேசுவார்கள். என்னைவிடச் சின்னவள். சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"உங்க வீட்ல பேரு சொல்லுவீங்களா?"

"எங்க சொல்றோம், அக்கா? நாங்களும் சொல்ல மாட்டோம். சுனோஜின்னு கூப்பிடுவோம்."

"அப்படின்னா இன்னா?"

"'கேளுங்க'ன்னு அர்த்தம்."

"கேக்கறாங்களா?"

"அதான் பேஜாரு. கேக்கறதே இல்ல."

சிரித்தோம். அவள் ஒருத்திதான் அந்த நாட்களில் என்னோடு பழைய மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டாள். மற்றவர்கள் கொஞ்சம் விலகிவிட்டார்கள். "நேத்து வரைக்கும் நம்ம கூட டிபன் பாக்ஸ் தொறந்தவ, இன்னிக்கு டேமேஜுன்னு தூக்கிக் காட்றா" என்று காதில் விழுந்தது. ஆண் சூப்பர்வைசர் கத்தினபோது அவர்கள் குனிந்து தைத்தார்கள். நான் கத்தவில்லை. அதுவே அவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது போல. அவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பெயர் இல்லாமல் வேலை நடத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் பெயரை மட்டும் விட்டால்தானே சிரிக்கிறார்கள். ஸ்கைவிங்கில் இரண்டு பேருக்குமே பெயர் சொல்லாமல் விட்டேன். இரண்டு மெஷினுக்கும் நடுவே நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், வேலையை மட்டும் சொல்வேன். சிரிப்பு நின்றது. நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் முழுக்கக் கறுப்புத் தோல் ஓடியது. தடித்த தோல். ஓரத்தை நன்றாக மெல்லிசாகச் சீவ வேண்டும். இரண்டு மெஷினிலும் அந்த அளவுதான் வைத்திருந்தார்கள். பிறகு ஒரு நாள் காலை பிரவுன் தோலும் சேர்ந்து வந்தது. அது மெத்தென்று இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் கனம் விட வேண்டும், இல்லையென்றால் தாங்காது.

நான் நடுவே நின்று, "ஒரு மெஷின்ல கறுப்பு, மெல்லிசு. ஒரு மெஷின்ல பிரவுன், கொஞ்சம் கனம்" என்றேன். எந்த மெஷினில் எது என்று சொல்லவில்லை. சொன்னால் பெயர் சொல்ல வேண்டும்.

அணைக்கட்டு அண்ணன், என் வீட்டுக்காரர் பிரவுனுக்கு மாற்றுவார் என்று நினைத்தார். என் வீட்டுக்காரர், அண்ணன் மாற்றுவார் என்று நினைத்தார். இரண்டு பேரும் அளவை மாற்றவில்லை. இருக்கிற அளவே போதும், நமக்குக் கறுப்புதான் என்று விட்டுவிட்டார்கள். தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற பெண் பாதி பாதியாகக் கலந்து வைத்தாள். பிரவுன் வந்தபோதும் அளவைக் கேட்காமல், வந்ததைச் சீவினார்கள்.

மத்தியானம் தையலில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். போய்ப் பார்த்தேன். ஊசி போகப் போக ஓரம் கிழிந்து வருகிறது, தபால்தலையைக் கிழிக்கிற மாதிரி. அடுத்த மெஷினில் பார்த்தேன். அங்கேயும். பிரவுன் எல்லாம் போனது.

மானேஜர் வந்தார். கிழிந்ததை விரலில் தூக்கிப் பார்த்தார்.

"பிரவுன் யாருக்குச் சொன்ன?"

அணைக்கட்டு அண்ணன், "எனக்குச் சொல்லல சார்" என்றார். என் வீட்டுக்காரர், "எனக்கும் சொல்லல" என்றார். பிறகு, "சொன்னாங்க. யாருக்குன்னு சொல்லல" என்றார்.

மானேஜருக்குப் புரிந்தது. லைனின் கேலி அவர் காதுக்கும் போயிருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணாடி ரூம். வெளியே எல்லோரும் பார்க்கிறார்கள்.

"தோல் போனது போச்சு. அத நான் பாத்துக்கறேன். ஆனா இது மறுபடி நடக்கும் இல்ல?"

"நடக்காது சார்."

"எப்படி நடக்காது? நாளைக்கு அவரு பேரச் சொல்லுவியா?"

தரையைப் பார்த்தேன்.

"எங்க அம்மாவும் சொல்ல மாட்டாங்க. எனக்குத் தெரியும். திட்டல. ஆனா இந்த வேலையே பேரு சொல்ற வேலைம்மா. ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, அவர ராணிப்பேட்டை யூனிட்டுக்கு மாத்தறேன். அங்கதான் ஸ்கைவிங்ல ஆளு வேணும். அது முடியலன்னா நீ பழையபடி தையல்ல உக்காரு. திங்கக்கிழமை சொல்லு."

பெயரைச் சொல்லிவிடுவது என்று மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதை அவர் வழி என்று எண்ணவே இல்லை. நானும் எண்ணவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் முன்பக்கம் முழுக்க இதே பேச்சு. "வுட்டுக் குடுத்துடு. ஆம்பளைய ஊரு மாத்தி அலைய வுடுவியா?" என்றாள் ஒருத்தி. "சூப்பர்வைசர் வேலை இன்னா, வானத்துலருந்தா வந்துச்சு? நின்னுகினே இருக்கணும், கால் வலி" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார்கள். பேர் சொல்லிவிடு என்று ஒருத்தியும் சொல்லவில்லை. ஆம்பூர்க்காரி இருந்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவள் இந்த பஸ்ஸில் வருவதில்லை.

எனக்கு அந்த வேலை வேண்டும். அதை யாரிடமும் சொல்லவில்லை. தையலில் உட்கார்ந்தால் எதிரே மெஷின் தெரியும், ஊசி தெரியும், முன்னால் இருப்பவளின் முதுகு தெரியும். தலைமாட்டில் நின்றால் லைன் முழுக்கத் தெரிகிறது. ஒரு தோல் துண்டு எப்படி ஷூ ஆகிறது என்று அவ்வளவு வருஷம் கழித்து அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். அதை விட்டுவிட்டு மறுபடி ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அத்தை பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்.

"நான் ராணிப்பேட்டைக்குப் போறேன். மானேஜர்கிட்ட சொல்லிடு."

"ரெண்டு பஸ் மாறணும்."

"மாறுவேன்."

கொஞ்ச நேரம் செயினைச் சுற்றினார். பிறகு, "அங்க கேப்பாங்க, ஏன் வந்தேன்னு. எம் பொண்டாட்டி எம் பேரு சொல்ல மாட்டேன்னுது, அதான் வந்தேன்னு சொல்லவா? இங்கயும் சிரிக்கறாங்க. அங்க போனாலும் சிரிப்பாங்க. இங்கயாவது கம்பெனி பஸ் இருக்கு" என்றார்.

நான் எண்ணெய் டப்பாவை மூடி வைத்தேன்.

"சொல்லித்தான் பாரேன்" என்றார்.

"இன்னா?"

"எம் பேரு."

மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். "அம்மா சொல்லப் போவுதா? இரு இரு, நானும் பாக்கறேன்" என்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ உள்ள போடி."

"நான் தெனம் சொல்றேனேம்மா. அப்பா நல்லாத்தான இருக்கு? உம் பேர ஊரே சொல்லுது. உன் ஆயுசப் பத்தி யாருனா கவலப்பட்டாங்களா?"

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். முதல் எழுத்து வந்தது. பிறகு இருமல் வந்தது.

"பாதி சொன்னா பாதி ஆயுசா?" என்றார்.

"அப்படிலாம் பேசாதீங்க."

"சரி, பேசல. மறுபடி சொல்லு."

வரவில்லை. ரொம்ப நேரம் முயன்றேன். மகள் அலுத்துப்போய் எழுந்து போனாள். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். அப்போது அவர் சொன்னதை மறக்கவில்லை.

"எனக்குப் புடிச்சுத்தான் சொல்லச் சொல்றேன்னு நெனைக்காத. அத்தன பேரு முன்னாடி நீ கூப்பிட்டா எனக்கு எப்படி இருக்கும்னு எனக்கே தெரியல. கோவம் வந்தாலும் வரும். வந்தா வரட்டும், பாத்துக்கலாம். நீ சொல்லு."

திங்கட்கிழமை சங்கு ஊதியது. நின்றேன். கண்ணாடி ரூமில் மானேஜர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அணைக்கட்டு அண்ணன் பெயரைக் கூப்பிட்டேன். "பிரவுன், கனம்" என்றேன். அவர் தலையாட்டினார்.

பிறகு என் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டேன்.

ரொம்பச் சின்னப் பெயர். சொன்ன பிறகுதான் தெரிந்தது எவ்வளவு சின்னது என்று. என் குரல் மாதிரியே இல்லை. பக்கத்து லைன் மெஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. இருந்தும் எல்லோருக்கும் கேட்டது.

"கறுப்பு, மெல்லிசு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பழைய சூப்பர்வைசருக்கு, "சரி சார்" என்பார். அதே குரலில், "சரி மேடம்" என்றார்.

அணைக்கட்டு அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இனிமே வூட்லயும் மேடம்தானா?"

"வூட்ல அதுக்கும் மேல" என்றார் என் வீட்டுக்காரர்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த பெயருக்குப் போனேன். டீ நேரத்தில் அவரை யாரும் 'அவரு' என்று கூப்பிட்டதாகத் தெரியவில்லை. பெயர் வந்துவிட்டதே.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. போன் இருக்கிறதே. அத்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டு வைத்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். அந்த வாரம் அப்படியே போனது. அத்தை நல்லவர். என் பிரசவத்தில் எனக்காக ஆஸ்பத்திரியில் தரையில் படுத்தவர். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சங்கடமாகத்தான் இருந்தது.

வாரக் கடைசியில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். அந்த மழைக்காலத்தில் தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல்தான். உடம்பு வலி, கண் எரிச்சல். ஆம்பூரில் டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை போட்டுப் படுத்திருந்தால் போதும் என்றார்.

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்தேன். அத்தை ஈரத்துணியோடு வந்தார். அவர் நெற்றியில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "இப்ப திருப்தியா?" என்றார். அவ்வளவுதான். சத்தம்கூட இல்லை.

நான் சமையலறைக்குப் போய் நின்றேன். தெருவில் காய்ச்சல் வந்த மற்றவர்களின் பெயரை யார் சொன்னார்கள் என்று கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியது ஒன்றே ஒன்றுதான். சொல்லாமல் இருந்திருக்கலாமோ.

மறு வாரம் நான் மட்டும் வேலைக்குப் போனேன். பஸ்ஸில் ஒருத்தி இடம் விட்டு உட்கார வைத்தாள். முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"இன்னிக்கு ஆளே வரலல்ல? சொல்லத் தேவையில்லல்ல? வுட்டுடு. ஒடம்பு சரியாவட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

அதுவும் சரிதான். வராத ஆள். 'ஸ்கைவிங்கில் ஒரு ஆள் லீவு' என்று சொன்னால் போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மானேஜர்கூடக் கண்டுகொள்ள மாட்டார்.

சங்கு ஊதியது. அவர் மெஷின் மேல் உறை போட்டபடி இருந்தது. அணைக்கட்டு அண்ணன் தனியாக நின்றார். முதல் நாள் வந்தது கூச்சம். இது பயம். பயந்தேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

இன்று சொல்லாமல் விட்டால், போன வாரம் நான் சொன்னதால்தான் காய்ச்சல் வந்தது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. பிறகு அவர் எழுந்து வந்தாலும் சொல்ல முடியாது. நாளைக்கு இந்த லைனில் இன்னொருத்தி வந்து நின்றால் அவளும் சொல்ல முடியாது. இப்படியெல்லாம் இப்போது எழுதுகிறேன். அப்போது இவ்வளவு தெளிவாக இல்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்பூர்க்காரி மட்டும் என் கண்ணைப் பார்த்தாள்.

பெயரைச் சொன்னேன். "லீவு" என்றேன். "ரெண்டு அளவும் இன்னிக்கு அண்ணன்தான். முதல்ல கறுப்பு முடிச்சிட்டு மாத்துங்க."

"சரிம்மா" என்றார் அண்ணன்.

அந்த மாசக் கடைசியில் வேலையை நிரந்தரம் செய்தார்கள். பக்கத்து லைனுக்கும் ஒரு பெண்ணைப் போட்டார்கள். அவள் வீட்டுக்காரர் வேறு கம்பெனி. அவளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை இருக்கும்.

நான் சொல்ல வந்தது அந்த லீவு நாளின் சாயங்காலத்தைத்தான். வீட்டுக்கு வந்தேன். அவர் உள் அறையில் படுத்திருந்தார். அத்தை அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். நான் முகம் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மத்தியானமே வேர்த்துடுச்சு. இப்ப சூடு இல்ல" என்றார்.

"மாத்திரை கேட்டுடுச்சு அத்தை."

"ஆமா. மாத்திரை."

கஞ்சியைக் கிளறினார். ரொம்ப நேரம் கிளறினார்.

"இன்னிக்கும் சொன்னியா?"

"சொன்னேன்."

"இல்லாத ஆளுக்கு எதுக்கு?"

"வரலன்னு சொல்லணும்ல அத்தை."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"சத்தமாவா சொல்ற, மெல்லமாவா?"

"பக்கத்து லைன்ல மெஷின் ஓடும். சத்தமாத்தான் சொல்லணும்."

"முழுப் பேரா?"

"முழுப் பேருதான்."

அத்தை அடுப்பைக் குறைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார்.

"அது நான் வச்ச பேரு" என்றார்.

எனக்குத் தெரியாது. அவர் சொன்னதும் இல்லை.

"அவங்கப்பா வேற பேரு சொன்னாரு. எம் மாமியாரு வேற சொன்னாங்க. நான் அழுது புடிவாதம் பண்ணி இத வெச்சேன். சரி எழுதித் தொலைன்னு எழுதினாங்க. எழுதினதோட சரி. வூட்ல யாரும் கூப்பிடல. தம்பி தம்பின்னே கூப்பிட்டாங்க. நானும் தம்பின்னே கூப்பிட்டுப் பழகிட்டேன். அந்தப் பேரு பள்ளிக்கூடத்துலயும் கம்பெனிலயும்தான் இருக்குது. நான் எங்க போயி கேக்கறது?"

கஞ்சி பொங்கி அடங்கியது.

"எப்படிச் சொல்ற? சொல்லு, கேக்கறேன்."

கம்பெனியில் சொல்லிவிட்டேன். வீட்டில் சொன்னதில்லை. இது வேறு. அடுப்பு, பாத்திரம், என் எதிரே அவருடைய அம்மா. உள்ளே அவர் படுத்திருக்கிறார். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டாயப்படுத்தவில்லை. காத்திருந்தார்.

லைனில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

"இன்னா?" என்றார் அவர் உள்ளேயிருந்து.

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒண்ணும் இல்லடா. படு. கஞ்சி வருது" என்றார்.